புகார் இல்லாத நாள்

ஒரு மெஷின் தேவையா, தேவையில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி இவ்வளவுதான். அதற்கு நான் எழுதிய பதில் பதினோரு வரி. அந்தப் பதினோரு வரியில் அய்யனார் சித்தப்பா செத்துப்போனார்.

என் பெயர் அஞ்சலாட்சி. விருத்தாசலத்துக்குத் தெற்கே இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் எம்.இ. இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் அந்த வளாகத்துக்குள் மாணவியாகக் கால் வைத்த முதல் ஆள் நான். 'மாணவியாக' என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அப்பா பாவாடைராயன் பத்தொன்பது வருடமாக அதே வளாகத்துக்குள் போய் வருகிறார், பின்கேட் வழியாக. கழிவுநீர் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஹாஸ்டல், கேன்டீன், துணைவேந்தர் பங்களா என்று எங்கே தண்ணீர் ஊற்றினாலும் அது கடைசியில் அப்பாவிடம்தான் வந்து சேரும்.

எனக்கு இடம் கிடைத்த அன்று அப்பா ஒரு கட்டுப்பாடு போட்டார். "உள்ள நீ யாரோ, நான் யாரோ. பாத்தா பேசக் கூடாது. போன் பண்ணக் கூடாது. நீ படிச்சு வெளிய வர்ற வரைக்கும் எனக்குப் பொண்ணே கெடையாது." நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

அப்பாவோடு வேலை செய்கிறவர் அய்யனார் சித்தப்பா. பக்கத்து வீடு. பின்கேட்டுக்கு வெளியே என்னைப் 'பாப்பா' என்பார். உள்ளே எதிரே வந்தால் துடைப்பத்தைத் தோளில் துப்பாக்கி மாதிரி வைத்து, "குட்மார்னிங் மேடம்" என்று ஒரு சல்யூட் அடிப்பார். அப்பா வேப்பமரத்தைப் பார்ப்பார்.

*

நிலக்கரி தீர்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் தாத்தாவின் நிலத்தைத் தோண்டி எடுத்த கரியும் எரிந்து முடிந்திருந்தது. மாநிலத்தின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கணினிகளே தின்றன. 'வேலை முடிந்ததும் அணைக்கவும்' என்று சுவிட்ச் போர்டுக்கு மேலே எல்லாத் துறைகளிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஹாஸ்டலில் லேப்டாப்பைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம். புரொபசர்கள் அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவார்கள், உள்ளே திரையில் மீன் நீந்திக்கொண்டிருக்கும்.

என் வழிகாட்டி சுகவனம் சார் ஒருநாள் சொன்னார். "ஸ்டிக்கர் ஒட்டி எவனும் திருந்தல. அணைக்கிற வேலைய மனுஷன்கிட்ட குடுக்கவே கூடாது அஞ்சலாட்சி. மெஷினே முடிவு பண்ணட்டும்."

"எதை வெச்சு முடிவு பண்ணும் சார்?"

"அத நீ சொல்லு. அதுக்குத்தான் உன்ன எடுத்தேன்."

இரண்டு வாரம் யோசித்துவிட்டுப் போய்ச் சொன்னேன். "ஒரு வருஷத்துப் பதிவை எடுப்போம் சார். எந்த நாள்ல கரண்டு ரொம்பக் கம்மியா ஓடுச்சுன்னு பாப்போம். அன்னிக்கு ஒரு புகார்கூட வரலன்னா, அன்னிக்கு எது ஓடுச்சோ அதுதான் தேவை. மிச்சமெல்லாம் பழக்கம்."

"லீவு நாளெல்லாம் கழிச்சிடலாமா?"

"கழிக்கவே கூடாது சார். லீவுலயும் ஓடுதுன்னா அதுதான் நெசமான தேவை. ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ் தீபாவளிக்கு லீவு எடுக்குமா?"

அவர் மேசையைத் தட்டினார். "பாத்தியா! எவனுக்கும் இது தோணல." எனக்குக் காது மடல் சுட்டது. என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என் மூளைக்காக மேசையைத் தட்டியதில்லை.

அந்த நிரலுக்குத் 'துயில்' என்று பெயர் வைத்தோம். அது கண்டுபிடித்த குறைந்த நாள், நாள் 284. காலண்டரில் அது என்ன நாள் என்று நான் பார்க்கவில்லை. எண்ணுக்கு எதற்குக் காலண்டர்?

துயில் முதலில் உள்வளாகக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் இறங்கியது. தேவையில்லை என்று அது நினைக்கிற கருவியைத் தூங்க வைக்கும். புதுத் திரைகள் மின்சாரம் இல்லாமலே கடைசியாகக் காட்டிய படத்தைப் பிடித்து வைத்திருக்கும் வகை. அதனால் தூங்குகிற திரை இருண்டு போகாது. வலது மூலையில் சின்னதாக ஒரு பிறை மட்டும் தோன்றும். பிறை இருந்தால் தூக்கம். இதை விளக்கி எல்லோருக்கும் மெயில் அனுப்பினோம். எல்லோருக்கும் என்றால், வளாக அடையாள எண் இருந்தவர்களுக்கு.

முதல் மாதம் நானூறு புகார் வந்தது. துணைவேந்தர் அலுவலகம், நூலகம், யாரோ ஒரு டீனின் மீன்தொட்டி. புகார் செய்த எல்லாவற்றையும் எழுப்பிவிட்டோம். பிறகு புகார் நின்றது. அரசு ஒரு நிபந்தனை போட்டிருந்தது: தொடர்ந்து நூற்று எண்பது நாள் ஒரு புகாரும் வராவிட்டால், துயிலை மாவட்டத்து வீடுகளுக்கும் கொண்டுபோகலாம். வீடுகளில் அளவெடுக்கும் பிளக்கைக்கூட முன்கூட்டியே மாட்டிவிட்டார்கள். வளாக வாசலில் பெரிய பலகையில் நாள் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தத் திட்டத்திலேயே வேலை என்று சுகவனம் சார் சொல்லியிருந்தார்.

*

நூற்று எழுபத்தெட்டாம் நாள், புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பின்கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அய்யனார் சித்தப்பா வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. எங்க ரூம்லயும் பிறை வந்துருச்சு தெரியுமா? இனிமே நாங்களும் ஆபீசருங்கதான்."

"எந்த ரூமு சித்தப்பா?"

"எந்த ரூமா? எங்களுக்கு என்ன பத்து ரூமா இருக்குது? தொட்டி பக்கத்துல காஸ் காட்டுற டிவி இருக்குதே, அந்த ரூமு. திங்கக்கெழமைலேருந்து மூலையில குட்டியா ஒரு பிறை. பிறை பாத்தா நல்லதாச்சேன்னு நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். உங்கப்பன் சிரிக்கிறான்."

வெளிக் கட்டடங்களைத் துயிலில் சேர்த்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

"நம்பர் மாறுதா சித்தப்பா?"

"எந்த நம்பரு?"

"காஸ் நம்பரு. முன்னாடியெல்லாம் மாறிக்கிட்டே இருக்குமில்ல?"

யோசித்தார். "ஏழு. நேத்தும் ஏழு. இன்னிக்கும் ஏழுதான். பத்துக்குக் கீழ இருந்தா பச்சைதான?"

"அது தூங்குது. நீங்க பாக்குறது திங்கக்கெழமை எடுத்த போட்டோ மாதிரி."

"கண்ணத் தொறந்துகிட்டா தூங்கும்?"

"தூங்கும். அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

"யாரு செஞ்சது?"

"நாங்கதான்."

வடையைக் கீழே வைத்தார். பிறகு எனக்காகவே சிரித்த மாதிரி சிரித்தார். "எமகாதகி."

"காஸ் பாத்து என்ன பண்றீங்க நீங்க? தொட்டியில எறங்குறதுக்குத்தான் ரோபோ இருக்குதே?"

"அது தூங்கி ஆறு மாசமாச்சு. மெயின் ஸ்டோர்ல கெடக்கு, மேல பிறையோட. சூப்பர்வைசர் தனபாலு என்ன சொல்றான் தெரியுமா? மெஷினு எறங்குனா எட்டு யூனிட்டாம். மனுஷன் எறங்குனா கரண்டே ஆவாதாம்."

"ஆறு மாசமா நீங்களா எறங்குறீங்க?"

"பின்ன? கசடு தானா படியேறி வெளிய வருமா?"

"அப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொல்லுவானா அவன். உனக்குப் பரீட்சையாம்." டீயை ஊதினார். "வெள்ளிக்கெழமை ஒம்போது மணிக்கு மூணாந்தொட்டி. அதுல எப்பவும் காஸ் நிக்கும். அதுக்குள்ள அந்த டிவிய எழுப்பி விட்டுரு பாப்பா."

"எழுப்பிடுறேன். ஆனா ஒண்ணு. பச்சையா இருந்தாலும், மூலையில பிறை இருந்தா எறங்கக் கூடாது. அப்பாகிட்டயும் சொல்லுங்க."

"உத்தரவு மேடம்" என்று வடைக் கையால் சல்யூட் அடித்தார்.

நேராக லேபுக்குப் போய் அந்த அறையின் வருடப் பதிவைத் திறந்தேன். அந்தக் கணினி வருடம் முழுக்க ஓடியிருந்தது. தீபாவளி, பொங்கல், புயல் வந்த இரண்டு நாள், எதற்கும் நிற்கவில்லை. ஒரே ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை அணைந்திருந்தது. நாள் 284.

அப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். ஆயுத பூஜை.

மற்ற லீவில் மனிதர்கள் ஓய்வெடுப்பார்கள், மெஷின் ஓடும். ஆயுத பூஜைக்கு மட்டும்தான் மெஷினுக்கே ஓய்வு. எது இல்லாமல் பிழைப்பு நடக்காதோ அதைத்தான் அன்றைக்கு நிறுத்தி, துடைத்து, பொட்டு வைப்பார்கள். அந்தக் கணினியை அன்றைக்கு அணைத்தது என் அப்பா. திரையைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டு, முன்னால் பொரி கடலை வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அந்தப் பொரியை எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, இந்தப் பதினோரு வரியை யோசித்துக்கொண்டே நான் அதைத் தின்றேன்.

அன்றைக்குப் புகார் வரவில்லை. எப்படி வரும்? அன்றைக்கு யாரும் தொட்டியில் இறங்கவில்லை. மற்ற நாளில் இறங்குகிறவர்களுக்கும் அடையாள எண் கிடையாது. புகார் சொல்ல வழி இல்லாதவர்கள் புகார் சொல்லவில்லை. அதை நான் 'தேவை இல்லை' என்று எண்ணியிருக்கிறேன்.

*

வியாழக்கிழமை காலை சுகவனம் சார் அறை. எழுப்புவது லேபில் இரண்டு நிமிட வேலைதான், ஆனால் புகார் இல்லாமல் எதை எழுப்பினாலும் கமிட்டி பார்க்கிற பதிவில் விழும், அவரைக் கேட்காமல் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் மறுநாள் கூட்டத்துக்கான படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு மெஷினை எழுப்பணும். கழிவுநீர் நிலையத்துல காஸ் காட்டுற கணினி."

"நாளைக்குக் கமிட்டி வருது. நூத்தி எண்பதாவது நாள். தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா நாளைக்கு ஒம்போது மணிக்கு அங்க ஆள் எறங்குறாங்க."

"எறங்க மாட்டாங்க. மனுஷன இறக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஆளே எறங்காத தொட்டிக்குக் காஸ் சென்சார் எதுக்கு? துயில் கரெக்டாத்தான் சொல்லியிருக்கு."

"எறங்குறாங்க சார். ஆறு மாசமா எறங்குறாங்க. நாம ரோபோவையும் தூங்க வெச்சிட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொன்னா?"

"அங்க வேலை பாக்குற ஒருத்தர்."

"பேரு? ஐடி?"

"ஒப்பந்த ஆளுங்களுக்கு ஐடி இல்ல சார்."

"ஐடி இல்லாதவன் சொன்னா அது புகார் இல்ல, பேச்சு."

"அப்ப நான் போடுறேன் புகார்."

"போடு. இன்னிக்குப் போட்டா பலகை நாளைக்கு ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும். உன் வேலையும் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும்." குரல் உயரவில்லை, அதுதான் எரிச்சல். "சரி, போடுறதுன்னே வெச்சுக்க. ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கே, இந்தக் கருவிக்கும் உங்களுக்கும் என்ன தொடர்புன்னு. அதுல என்ன எழுதுவ? கழிவுநீர்த் தொட்டிக்கும் உனக்கும் என்னம்மா தொடர்பு?"

அந்தக் கட்டத்தையும் நான்தான் வைத்தேன். சும்மா வம்புக்குப் புகார் செய்கிறவர்களை வடிகட்ட.

'எங்கப்பா சார்.' இரண்டே வார்த்தை. சொல்ல வாயெடுத்தேன். இந்த அறையில் அதைச் சொன்னால் நாளைக்கு லேபில் என் பக்கத்து நாற்காலி காலியாகும் என்று எனக்குத் தெரியும். பி.இ.யில் ஒருத்திக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பாட்டிலைக்கூட அவளிடமிருந்து வாங்க மாட்டார்கள்.

"சும்மா... கேள்விப்பட்டேன் சார்."

"அப்ப விடு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கையெழுத்து முடிஞ்சிடும். முடிஞ்ச நிமிஷமே நானே எழுப்பித் தரேன். ரெண்டு மணி நேரம் பொறுக்க மாட்டாங்களா?"

பொறுப்பார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். காலையில் பத்து நிமிடம் நடந்து போய், 'பதினொண்ணுக்கு எறங்குங்க' என்று சொன்னால் முடிந்தது.

*

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு நான் கிளம்பும்போது கமிட்டி முன்னதாகவே வந்துவிட்டது. சுகவனம் சார் என்னைப் பேட்டரி காரில் ஏற்றினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் கமிட்டித் தலைவர் அம்மா. நான் தோழியிடம் இரவல் வாங்கிய பட்டுச்சேலையில் நடுவில்.

"நீதான் அந்த விதிய எழுதின பொண்ணா? முதல் தலைமுறைப் பட்டதாரின்னு சார் சொன்னாரு. ரொம்பப் பெருமையா இருக்கு. அப்பா என்ன பண்றார்?"

கார் நூலகத்தைத் தாண்டித் திரும்பியது. எதிரே அவர்கள் வந்தார்கள். தனபால் முன்னால். பின்னால் வாளி, கயிறு, அய்யனார் சித்தப்பா, அப்பா.

"கம்பெனில இருக்கார் மேடம்" என்றேன்.

அப்பா வேப்பமரத்தைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். உள்ளே பேசக் கூடாதே, அதனால் கயிற்றுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை மட்டும் தூக்கி, புருவத்தை உயர்த்தினார். முடிஞ்சுதா? அதைத்தான் கேட்டார். அவர் கேட்டது எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லாமல் புரிந்தது.

நான் தலையாட்டினேன்.

கார் நின்றதும் லேபுக்கு ஓடி இரண்டு நிமிடத்தில் எழுப்பிவிடலாம் என்று அந்த நொடியில் கணக்குப் போட்டேன். எழுப்பும் சாவி லேப் கணினியில்தான். கார் நேராகக் கூட்ட அரங்க வாசலில் நின்றது. மாலை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு என் கையில் மைக் இருந்தது.

'தேவை என்பது வேறு, பழக்கம் என்பது வேறு' என்று ஆரம்பித்தேன். கை தட்டினார்கள்.

ஒன்பது இருபதுக்கு ஒரு காவலாளி வந்து சுகவனம் சார் காதில் ஏதோ சொன்னார். தலைவர் அம்மா பதறிப்போய், "ஸ்டூடன்ட்ஸா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். கான்ட்ராக்ட் ஆளுங்க. ரெண்டு பேர்."

"ஓ" என்றார். அந்த 'ஓ' எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தப்பித்தோம் என்று சொல்லாமல் சொல்கிற ஓ.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். பட்டுச்சேலை காலைத் தட்டியது. மூன்றாந்தொட்டி ஓரத்தில் சித்தப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். யாரோ முகத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், முகம் மட்டும் சுத்தமாக இருந்தது. அவர் முதலில் இறங்கியிருக்கிறார். சத்தம் வராததைப் பார்த்து அப்பா இறங்கியிருக்கிறார். அப்பா இடுப்பில் கயிறு கட்டியிருந்தார், அதனால் இழுக்க முடிந்தது. கயிறு ஒன்றுதான், அதுவும் வாளிக்காகக் கொண்டுபோனது.

"அப்பா" என்று கத்தினேன். வளாகத்துக்குள் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தனபால் என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

*

அன்று சாயங்காலம்தான் அரசு ஆஸ்பத்திரியில் அப்பா கண் திறந்தார். முகமூடியைக் கொஞ்சம் விலக்கிவிட்டுப் பேசினார்.

"பச்சையாத்தாம்மா இருந்துச்சு."

"தெரியும்ப்பா."

"பிறையும் இருந்துச்சு. நான் வேணாம்னேன். அய்யனாரு சொன்னான், பாப்பா தலையாட்டிடுச்சுடா, டிவிக்கு சேதி வர லேட்டாவும்னு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"உள்ளாற இருக்கும்போது பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே."

நான் சொன்னேன். எல்லாவற்றையும். பதினோரு வரி, நாள் 284, ஆயுத பூஜை, சார் அறை, கட்டைவிரல், தலையாட்டல். "செய்யலப்பா. செஞ்சிட்டேன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அன்னிக்கு நான் அத்த அணைச்சிருக்கக் கூடாது" என்றார். "வருசம் பூரா எங்களுக்காகக் கண்ணு முழிச்சுக் கெடக்குதே, ஒரு நாளாச்சும் படுக்கட்டுமேன்னு அணைச்சேன். என் தப்புதாம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டிலையே உதைத்திருப்பேன். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம், கடைசியில் தொட்டியில் இறங்குகிறவன் தன் தப்பு என்று சொல்லிக்கொள்வான்.

*

சனிக்கிழமை சித்தப்பாவை எரித்தோம். எங்கள் காலனியில் நூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் ஆள் இல்லை, எல்லோரும் சுடுகாட்டில். கலவரம் வரும் என்று பயந்து பல்கலைக்கழகம் லீவு விட்டது.

விசாரணையில் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தேன்: தனபால், சுகவனம், அஞ்சலாட்சி. 'தொழிலாளர்கள் அனுமதியின்றித் தாங்களாகவே இறங்கினர்' என்று அறிக்கை வந்தது. உள்தகவலை வெளியே சொன்னதற்காக என் அடையாள எண்ணை முடக்கினார்கள். அப்பாவை வேலையிலிருந்து எடுத்தார்கள். பலகையில் மட்டும் எதுவும் மாறவில்லை. ஃபார்மில் யாரும் புகார் போடவில்லையே. சாவு புகார் இல்லை. கையெழுத்து ஆனது.

ஆறு மாதம் கழித்து லேபிலிருந்து ஒரு தோழி வந்து ஒரு தாளைக் காட்டினாள். துயில் அரையாண்டுக்கு ஒருமுறை தன் குறைந்த நாளைத் தானே மறுபடி தேடிக்கொள்ளும். அதுவும் என் வரிதான், ஒன்பதாவது வரி. இந்த முறை ஆயுத பூஜையைவிடக் குறைவான ஒரு நாள் அதற்குக் கிடைத்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை.

வளாகம் பூட்டியிருந்தது. புகார் பூஜ்யம். வீடுகளின் கணக்கில் எங்கள் காலனிக்குத் தனியாக ஒரு வரி போட்டுப் பாராட்டியிருந்தார்கள்: 'மாவட்டத்திலேயே மிகக் குறைந்த தேவையுள்ள பகுதி.' அன்றைக்கு எங்கள் காலனியில் ஒரு கணினிகூட ஓடவில்லை. அதனால் ஒன்றுமே தேவையில்லை. சித்தப்பா மகள் செல்வராணி பிளஸ் டூ. அவள் லேப்டாப்பில் இப்போது பிறை. புகார் போடலாம் என்றால் அதற்கு அடையாள எண் வேண்டும், காலனியில் அது இருந்த ஒரே ஆள் நான். முயற்சி செய்து பார்த்தேன். தொடர்பு என்ன என்ற கட்டத்தில் 'என் சித்தப்பா வீடு' என்று எழுதினேன். 'உங்கள் எண் செல்லாது' என்று வந்தது.

தாளில் இன்னொரு பட்டியலும் இருந்தது. வளாகத்தில் அந்தச் சனிக்கிழமை ஓடிக்கொண்டிருந்த கருவிகள், அதாவது இனி எப்போதும் தூங்கக் கூடாதவை. முதல் பெயர், கழிவுநீர் நிலையத்துக் காஸ் கணினி. வெள்ளிக்கிழமை மதியம் போலீசுக்குக் காட்டுவதற்காக அதை எழுப்பியிருக்கிறார்கள். அப்படியே அறையைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். அணைக்க யாருக்கும் ஞாபகமில்லை.

போலீஸ் போட்ட வழக்கு முடிகிறவரை அந்த அறை திறக்காது. உள்ளே அது முழித்துக்கொண்டிருக்கிறது. ரோபோ இன்னும் ஸ்டோரில் தூங்குகிறது. தொட்டிக்குச் சேலம் பக்கத்திலிருந்து புது ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். பழைய திரையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை தோறும் அப்பா பின்கேட் வழியாக வருகிறார். காவலாளி பழகியவர், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பூட்டிய அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, உள்ளே திரையைப் பார்க்கிறார். அவருக்கு நுரையீரல் பாதிதான் மிச்சம், சத்தம் வராது. அதனால் கத்துவது நான். பேட்டரி கார் போகிற ரோட்டிலிருந்து பார்த்தால் நாங்கள் இருவரும் நன்றாகத் தெரிவோம்.

"நாப்பத்தொண்ணு" என்கிறார் அப்பா.

"நாப்பத்தொண்ணு! செவப்பு! எறங்காதீங்க!"

புது ஆட்கள் கயிற்றோடு நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். இது யாரு, வெரட்டிடவா என்று ஒருவன் தனபாலைக் கேட்கிறான்.

தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறான். "அட, விடுறா. மனுஷன் கத்துனா கரண்டு ஆவாது."